முதல் வலைப்பதிவு: கிழக்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வலைப்பதிவு தொடங்குவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே தருகிறோம். வலைப்பதிவு தொடங்கும்போது எடுக்கும் தீர்மானங்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை, அல்லது மாற்றினால் பெரும் இழப்பைத் தருபவை, மிகச் சில. அந்தச் சிலவற்றுக்கே பதில்களில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பக்கத்தின் நிறத்தையும் அலங்காரத்தையும் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் அப்பாச்சியும் அவரோடு வட்டைக்கு (வயல்வெளிக்கு)ப் போய்வந்தவர்களும் சொன்ன வேளாண்மைச் சொற்களையும் வழக்கங்களையும் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை வலைப்பதிவில் இட விரும்புகிறேன். எந்தச் சேவையில் தொடங்கலாம்? பணம் கட்ட வேண்டுமா?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் நோக்கத்துக்குக் கூகுள் நிறுவனத்தின் புளொக்கர் சேவையே போதுமானது. 1999 இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கிய இந்தச் சேவையைக் கூகுள் 2003 இல் வாங்கியது. இன்று அது அழகில் பின்தங்கியிருந்தாலும், எழுதுவதற்கும் படம் சேர்ப்பதற்கும் வெளியிடுவதற்கும் எளிதாகவே இருக்கிறது; நீங்கள் விரும்பிச் சேர்த்தாலன்றி விளம்பரமும் வராது.

மற்றொரு பெயர் வேர்ட்பிரஸ். அதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, 2003 இல் வெளியான இலவச மென்பொருள்; அதைப் பயன்படுத்த வேண்டுமானால், வாடகைக்கு ஒரு சேவையக (இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினி) இடம் எடுத்து, அதில் நிறுவி, இற்றைப்படுத்தல்களையும் பாதுகாப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றது, அதே மென்பொருளைத் தன் சேவையகத்தில் நடத்தித் தரும் வணிகச் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் தோன்றும். "வேர்ட்பிரஸ் இலவசம்" என்று ஒருவரும் "ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும்" என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் உண்மையே சொல்கிறார்கள். பேசுகிற பொருள்தான் வேறு.

புளொக்கருக்குக் கூகுள் கணக்கு ஒன்று வேண்டும். இந்த இடத்தில் நிதானம் தேவை. கைத்தொலைபேசி வாங்கும்போது கடைக்காரத் தம்பி அவசரமாகத் திறந்து கொடுத்த கணக்குகளே நம்மில் பலரிடம் இருக்கின்றன. அவற்றின் கடவுச்சொல் உரிமையாளருக்கே தெரியாது. தொலைபேசி பழுதானால் கணக்கு போய்விடும், கணக்கோடு வலைப்பதிவும் போய்விடும். ஆகவே வலைப்பதிவுக்கென்று புதிய கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிவைத்து, மீட்புக்கு உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணையும் மகனுடையதோ மகளுடையதோ மின்னஞ்சலையும் கொடுத்து, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னோர் உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் செயற்படுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு புளொக்கர் பக்கத்தில் கேட்கப்படுபவை மூன்றுதான்: வலைப்பதிவின் தலைப்பு, முகவரி, எழுதுபவராகக் காட்டப்பட வேண்டிய பெயர்.

உங்கள் கொப்பிகளைப் பற்றியும் ஒரு சொல். அகராதியைப் போல நூறு சொற்களை ஒரே பதிவில் அடுக்கிவிடாதீர்கள்; ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு என்று கொள்ளுங்கள். "களவெட்டி" என்று எழுதி "சூடு மிதிக்கும் இடம்" (நெற்கதிரை மிதித்து மணி பிரிக்கும் இடம்) என்று பொருள் கொடுத்தால் வாசகர் படித்துவிட்டுப் போய்விடுவார். அது வட்டையின் எந்தப் பக்கத்தில் அமைந்தது, யார் செருக்கினார்கள், அதற்குள் எதைச் சொல்லக் கூடாது என்றிருந்தது, வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் வயல் வேலையாளான முல்லைக்காரருக்கும் அங்கே என்னென்ன பங்கு என்பதையெல்லாம் அப்பாச்சி சொன்ன வாக்கியத்தோடு எழுதினால், அறுவடை இயந்திரம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது புதிய செய்தி. எந்த ஊர், எந்தப் போகம், சொன்னவர் ஏறத்தாழ எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பவற்றை ஒவ்வொரு பதிவின் அடியிலும் குறியுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பொருளிலும் கிழக்கே எழுவான்கரையில் இன்னொரு பொருளிலும் வழங்கும் சொற்கள் வந்தால், அந்தக் குறிப்பே உங்கள் பதிவின் மதிப்பைத் தீர்மானிக்கும்.

எனது வலைப்பதிவுக்கு "மீன்பாடும் தேன்நாடு" என்று பெயர் வைக்க எண்ணுகிறேன். ஊர்ச் செய்தி, திரைப்பட விமர்சனம், தொழில்நுட்பம், கவிதை எல்லாவற்றையும் எழுதுவேன். முகவரியைத் தமிழில் வைக்க முடியுமா?
(வாசகர், காரைதீவு)

மீனும் தேனும் வாவியும் கிழக்கின் இணையத்தில் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கின்றன. அவற்றுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். நீங்கள் எழுதப்போகும் பொருளை உணர்த்தும் பெயரே நல்லது. பொருளையும் குறுக்கிக்கொள்ளுங்கள். திரைப்பட விமர்சனத்துக்கு ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன. விபுலாநந்த அடிகள் 1892 இல் பிறந்த ஊரில் இருந்துகொண்டு, அந்த ஊரின் கடற்கரையையும் தெருக்களையும் பள்ளிக்கூடங்களையும் பற்றித் தொடர்ந்து எழுதக்கூடியவர் எத்தனை பேர்?

தலைப்பைத் தமிழில் வையுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரி வேறு விடயம். புளொக்கர் தரும் இலவச முகவரியில், "புளொக்ஸ்பொட் டொட் கொம்" என்பதற்கு முன்னால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதி ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் இடைக்கோட்டிலும்தான் அமைய முடியும். அதைப் பின்னர் மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட ஏற்பாடு இல்லை. ஏற்கெனவே பிறர் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். ஆகவே அது குறுகியதாகவும், தொலைபேசியில் வாயால் சொன்னால் மற்றவர் பிழையின்றி எழுதக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ழகரமும் நெட்டெழுத்தும் வரும் சொற்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நலம். பெயரில் ஆண்டையோ உங்கள் வயதையோ சேர்க்க வேண்டாம்.

சொந்த ஆள்களப் பெயரை (உங்களுக்கே உரிய இணைய முகவரியை)ப் பணம் கட்டிப் பதிவுசெய்து புளொக்கருடன் இணைக்கவும் முடியும்; அப்போது பழைய இலவச முகவரிக்கு வருபவர்கள் தாமாகவே புதியதற்கு வந்து சேர்வார்கள். ".இலங்கை" என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் 2010 முதல் வழி இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கட்டணத்தை ஒருமுறை கட்டத் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம். முதல் ஓராண்டு இலவச முகவரியில் எழுதிப்பாருங்கள்; எழுதும் பழக்கம் நிலைத்த பிறகு பெயர் வாங்கலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் உரிய இணைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பதிவின் தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால், புளொக்கர் அந்த இணைப்புக்குப் பொருளற்ற ஒரு பொதுப்பெயரையும் எண்ணையும் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே இணைப்பாக்கும். ஆனால் அதை வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியக்கூடும். மெய்யின் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், "மட்டக்களப்பு" என்ற ஒரு சொல் மட்டும் அவ்வாறு 108 குறிகளாகும். இரண்டிலும் தீர்வு ஒன்றே: வெளியிடுவதற்கு முன், பதிவின் அமைப்புப் பகுதியில் இணைப்பை நீங்களே சில எளிய ஆங்கிலச் சொற்களில் எழுதிவிடுங்கள். இதையும் வெளியிட்ட பின் மாற்றக் கூடாது.

வாப்பா எழுதிய கட்டுரைகளைப் பல ஆண்டுகளுக்கு முன் கடையில் தட்டச்சு செய்வித்து வைத்திருந்தோம். கணினியில் திறந்தால் தமிழாகத் தெரிகிறது. வலைப்பதிவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வருகிறது. மீண்டும் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டுமா?
(வாசகர், அக்கரைப்பற்று)

வேண்டியதில்லை. அந்தக் கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அமைந்தவையாக இருக்கும். நம் நாட்டில் அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் நீண்டகாலம் அதையே பயன்படுத்தின; இன்றும் கல்யாண அழைப்பிதழும் அஞ்சலிப் பிரசுரமும் பல இடங்களில் அதில்தான் உருவாகின்றன. இவ்வகை எழுத்துருவில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடுகிறது. ஒருங்குறியிலோ (யுனிகோட்) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண் உண்டு. 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருக்கிறது. வலைப்பதிவுக்கு வேண்டியது இதுவே. கூகுள் தேடலில் வாப்பாவின் கட்டுரை அகப்பட வேண்டுமானாலும், பார்வையற்ற ஒருவருக்குக் கணினி அதை வாசித்துக்காட்ட வேண்டுமானாலும் ஒருங்குறி இன்றியமையாதது.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு பெட்டியில் ஒட்டினால் மறு பெட்டியில் மாற்றம் வந்துவிடும். ஆனால் அதை அப்படியே வெளியிட்டுவிடாதீர்கள். வழக்கமாக வரும் பிழைகளைச் சொல்கிறேன்.

கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், கருவி அவற்றையும் தமிழாகக் கருதிப் பொருளற்ற எழுத்துக் கூட்டமாக்கிவிடும். "ஔ" என்ற உயிரெழுத்து ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். மூன்றாவது பிழை கண்ணுக்கே தெரியாதது. தட்டச்சாளர் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்காலை அழுத்தி அதன் மேல் புள்ளி வைத்திருந்தால், "அவர்" என்ற சொல் திரையில் ஏறத்தாழச் சரியாகவே தெரியும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். தேடினால் அகப்படாது. கட்டுரையை மாற்றியவுடன், ரகர மெய் வரும் பழக்கமான சொற்கள் சிலவற்றைத் தேடற்பெட்டியில் நீங்களே தட்டச்சு செய்து தேடிப்பாருங்கள்; கண்முன்னே இருக்கும் சொல்லைக் கணினி காணவில்லை என்றால் இந்தப் பிழை இருக்கிறது என்று பொருள். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரே தடவையில் எல்லாவற்றையும் திருத்திவிடலாம். திருத்திய பின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்; ஐயம் வரும்போது ஒப்பிட அது வேண்டும்.

புதிதாகத் தட்டச்சு செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே ஒருங்குறியில் பழகுங்கள். பாமினியில் பழகிய விரல்களுக்கு ஒருங்குறியில் எழுத உதவும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒலிப்பு முறையில், அதாவது "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளால் அழுத்தித் தமிழில் பெறும் முறையில், தட்டச்சு செய்ய விரும்புவோருக்கு விண்டோஸிலேயே 2019 ஆம் ஆண்டின் பதிப்பு முதல் அஞ்சல் விசைப்பலகை சேர்க்கப்பட்டிருக்கிறது; விசைகளில் நேரே தமிழ் எழுத்துகளை அமைத்த தமிழ்99 விசைப்பலகையும் அதனோடு இருக்கிறது. வேறு மென்பொருள் நிறுவத் தேவையில்லை.

என்னிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசியில் மட்டும் வலைப்பதிவு நடத்த முடியுமா?
(வாசகர், வாழைச்சேனை)

முடியும். உலாவியிலேயே புளொக்கரைத் திறந்து எழுதலாம். கூகுள் விசைப்பலகையில் தமிழ் இருக்கிறது, வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் பேச்சுத் தமிழில் சொன்னால் அது தடுமாறும். எழுத்துத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். வலைப்பக்கத்தில் நேரடியாக எழுதாமல், தொலைபேசியின் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி முடித்து, பிறகு ஒட்டுங்கள். சமிக்ஞை விழுந்தாலும் எழுதியது மிஞ்சும். வார்ப்புருவை (பக்கத்தின் தோற்ற அமைப்பை) அமைப்பதற்கு மட்டும் ஒரு பிற்பகல் யாருடைய மடிக்கணினியையாவது இரவல் கேளுங்கள். வேலை முடிந்ததும் அதில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்கள்.

எங்கள் பகுதிக் கூத்துகளையும் கோயிற் சடங்குகளையும் பற்றி எழுதப் போகிறேன். முகநூலில் நிறையப் படங்கள் இருக்கின்றன. "நன்றி: முகநூல்" என்று போட்டு எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகி, ஆரையம்பதி)

கூடாது. முகநூல் அந்தப் படங்களை எடுக்கவில்லை. ஒரு மனிதர் எடுத்திருக்கிறார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவு செய்ய வேண்டிய தேவையே இல்லை. படைத்தவுடன் உரிமை பிறக்கிறது, பொதுவாகப் படைத்தவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. நன்றி சொல்வது பண்பு, ஆனால் அது அனுமதி ஆகாது. படத்தை இட்டவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். பெயர் போட்டால் போதும் என்று பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள். அந்தச் செய்தியைச் சேமித்து வையுங்கள்.

உங்கள் பொருளில் சட்டத்துக்கு அப்பாலும் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தானாலும் அதன் பிரதி, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இருக்கும். அவரைக் கேட்காமல் பாடல்களை முழுவதுமாக எடுத்துப் போடுவது முறையாகாது. கண்ணகி அம்மன் சடங்கில் கதவு திறந்திருக்கும் நாட்களிலும் எல்லாவற்றையும் படமெடுக்க விடமாட்டார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் சடங்கை நடத்தும் கட்டாடியாரிடமும் முன்கூட்டியே கேட்டு, எதை வெளியிடலாம் என்று அவர்கள் சொல்கிறார்களோ அதை மட்டும் வெளியிடுங்கள். கூத்துப் படத்தின் அடியில் கூத்தின் பெயர், களரி (கூத்து ஆடும் அரங்கு) அமைந்த ஊர், ஆடப்பட்ட ஆண்டு, அண்ணாவியார் பெயர், ஆடியவர் பெயர் ஆகியவற்றை, அவர்கள் சம்மதத்தோடு, எழுதுங்கள். பெயரில்லாத உடுப்புக்காரர்களின் படங்கள் இணையத்தில் போதிய அளவு இருக்கின்றன.

எழுதுவதற்கு முன், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகம் திட்டத்தின் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரை இட்டுத் தேடிப்பாருங்கள். முன்னோர் எழுதியது கிடைத்தால், அவர்கள் விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடரலாம்.

படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். தொலைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அகலத்தை 1200 படப்புள்ளி அளவுக்குக் குறைத்தாலே வாசகரின் டேட்டா மிஞ்சும்.

வலைப்பதிவால் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?
(வாசகர், கல்முனை)

அதை நம்பிக் கடன் வாங்காத அளவுக்குத்தான். கூகுளின் அட்சென்ஸ் விளம்பரச் சேவை 2018 முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். ஆகவே உங்கள் தபாற்காரருக்குப் புரியும் முகவரியைக் கொடுங்கள். 100 டொலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. ஊர்ப் பொருளை எழுதும் தமிழ்ப் பதிவு அந்த நூறைத் தொட நீண்டகாலம் எடுக்கலாம். உங்கள் எழுத்தைப் பார்த்து யாராவது மொழிபெயர்ப்போ கட்டுரையோ கேட்டு வருவதே இதைவிடக் கூடுதலாக நடக்கக்கூடியது. பிறர் செய்திகளை வெட்டி ஒட்டி விளம்பரம் போடும் வழியை மட்டும் தேடாதீர்கள். அத்தகைய பக்கங்களை அட்சென்ஸும் ஏற்பதில்லை.

முகநூலில் எழுதினால் உடனே ஐம்பது பேர் விருப்பம் போடுகிறார்கள். வலைப்பதிவில் எழுதினால் யார் வருவார்கள்? வருபவர்கள் தகாத கருத்துகளை இட்டால் என்ன செய்வது?
(வாசகி, தம்பிலுவில்)

2004 இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்ப் பதிவுகளைத் தேடிவந்து காட்டின. அந்த வசதி இன்று இல்லை. வாசகரை நீங்கள்தான் அழைத்துவர வேண்டும். அதற்காக முகநூலை விட்டுவிட வேண்டியதில்லை. கட்டுரையை வலைப்பதிவில் முழுமையாக எழுதி, அதன் சுவையான ஒரு பந்தியையும் இணைப்பையும் முகநூலிலும் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் இடுங்கள். முகநூலில் இட்டதை நீங்களே ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பது கடினம். வலைப்பதிவில் 1978 நவம்பர்ச் சூறாவளியைப் பற்றி உங்கள் அம்மம்மா சொன்னதை எழுதி வைத்தால், ஒவ்வொரு நவம்பரிலும் அதைத் தேடி ஒருவர் வருவார்; வருபவர் கனடாவிலிருந்தும் வரலாம். தலைப்பில் ஊர்ப் பெயரும் ஆண்டும் பொருளும் வெளிப்படையாக இருந்தால்தான் அவர் உங்களைக் கண்டடைவார். "மறக்க முடியாத அந்த இரவு" என்று தலைப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

கருத்துரைகளைப் பொறுத்தவரை, நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே வெளியாகும்படி அமைப்புகளில் முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளை இணையத்தில் வெளியிடுவதைக் குறித்துக் கடுமையான ஏற்பாடுகளைக் கொண்டது. உங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவர் மீது பழி எழுத இடம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம். வசையை நீக்குவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிழையைச் சுட்டிக்காட்டும் கருத்தை மட்டும், அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வெளியிட்டுப் பதிவைத் திருத்துங்கள்.

பல்கலைக்கழகத் தோழிகள் சேர்ந்து ஒரு வலைப்பதிவு நடத்த விரும்புகிறோம். படிப்பு முடிந்து பிரிந்த பின் அது என்ன ஆகும்?
(மாணவி, வந்தாறுமூலை)

ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். புளொக்கரின் அமைப்புகளில், ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பி எழுத்தாளராகச் சேர்க்கலாம். எழுத்தாளர் தம் பதிவை மட்டும் திருத்த முடியும். நிர்வாகியாக இருவரை நியமியுங்கள். ஒருவர் மட்டும் நிர்வாகியாக இருந்து, அவர் வெளிநாடு போய்க் கணக்கையும் மறந்துவிட்டால், மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சேவைகளும் நிலையானவை அல்ல. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் புளொக்கர் பதிவுகளில் இடப்பட்டிருந்த கருத்துரைகள் யாவும் மறைந்தன. ஆகவே ஒவ்வொரு தவணை முடிவிலும் அமைப்புகளில் உள்ள காப்புப்பிரதி வசதியால் வலைப்பதிவைக் கோப்பாகப் பதிவிறக்கி, இரு நிர்வாகிகளும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பைப் பின்னர் வேர்ட்பிரஸுக்கும் கொண்டுபோக முடியும். ஆனால் அதில் எழுத்தும் கருத்துரையும் மட்டுமே இருக்கும், படங்கள் இராது. படங்களின் மூலப் பிரதிகளை ஆண்டுவாரியாக வேறொரு வன்தட்டில் சேமிக்க வேண்டும். முக்கியமான பதிவுகளின் இணைப்பை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் பக்கத்தில் கொடுத்தால், அதன் ஒரு பிரதியை அவர்களும் சேமித்துக்கொள்வார்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.